விலை இறங்கினால்தான் சாவேன்

1

வெங்காயம் விலை ஏறியதிலிருந்து எங்கள் வீட்டில் எனக்கு மரியாதை குறைந்துவிட்டது. பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் தெருமுனை மளிகைக் கடைக்காரர் மஞ்சுநாத், பழைய மூட்டையைப் புது விலைக்கு விற்கிறார் என்று என் மனைவி செல்வி கடை வாசலில் நின்று தமிழும் கன்னடமும் கலந்து ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தாள். பால் பாக்கெட்டோடு அந்த வழியாக வந்த நான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"சரக்கு வராதப்ப விலை ஏறத்தானே செய்யும். அவரு என்ன பண்ணுவாரு பாவம்" என்றேன்.

செல்வி திரும்பி என்னைப் பார்த்தாள். "நீங்க பேசாதீங்க. துப்பாக்கிக் கடைக்காரருக்கு இதெல்லாம் பழக்கந்தான்."

மஞ்சுநாத்தின் முகம் மாறிவிட்டது. இத்தனை வருடமாக நான் ஏதோ ஆபீசில் கணக்கு எழுதுகிறவன் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அன்று எங்களுக்கு மட்டும் வெங்காயம் பழைய விலைக்கே கிடைத்தது. எடையும் கொஞ்சம் தாராளமாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்தால் மகள் நித்யா எனக்காகப் பேசினாள். பி.யு.சி.யில் காமர்ஸ் படிக்கிறாள். "அப்பா சொல்றது கரெக்ட்மா. டிமாண்ட் ஜாஸ்தி ஆனா ப்ரைஸ் ஏறும். அதுக்குப் போய் ஒருத்தரப் பையக்கூடாது."

எங்கள் ஊரில் வைவார்கள். இவள் பைகிறாள். கன்னடம் அவளுக்குள் எங்கெங்கே புகுந்திருக்கிறது என்பது இப்படித் திடீர் திடீரென்றுதான் தெரிய வருகிறது. ஆனால் அன்று என் மனதில் ஓடியது அதுவல்ல. பற்றாக்குறைக் காலத்தில் விலையை ஏற்றுவது வியாபாரமா, கொள்ளையா என்று மாதாமாதம் எங்கள் கடையில் நடந்த ஒரு சண்டையும், அந்தச் சண்டையைப் போட்ட சுபேதார் பெள்ளியப்பாவும்தான்.

2

நம் ஊர் அருப்புக்கோட்டையில் இருக்கிற உங்களுக்கு இந்தக் கடையைப் பற்றி ஒழுங்காகச் சொல்லிவிடுவது நல்லது. என் மாமனார் இன்றுவரை விசாரிப்பவர்களிடம் மாப்பிள்ளை "இரும்பு வியாபாரத்தில்" இருப்பதாகத்தான் சொல்லி வருகிறார்.

கண்டோன்மென்ட் பக்கத்தில் ஒரு பழைய கட்டிடத்தின் மாடியில், அரசாங்க உரிமம் பெற்றுத் துப்பாக்கியும் தோட்டாவும் விற்கிற கடை அது. நீங்கள் நினைப்பதுபோல் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு யாரும் வருவதில்லை. காப்பித் தோட்டக்காரர்கள், காட்டுப் பன்றி தொல்லை உள்ள விவசாயிகள், ஓய்வுபெற்ற ராணுவத்தார், இவர்கள்தான் வருவார்கள். ஒவ்வொரு தோட்டாவையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். போலீஸ் நிலையத்திலிருந்து வந்து எண்ணிப் பார்ப்பார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் மறுபடி எண்ணுவார்கள்.

முதலாளி அந்தோணி ஆஸ்டின் டவுன்காரர். தாத்தா காலத்திலிருந்து இதே தொழில். கத்தோலிக்கர்தான் என்றாலும் ஆயுத பூஜையை விடமாட்டார். எல்லாத் துப்பாக்கிக்கும் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டு, கடைசியில் சிலுவை போட்டுக்கொள்வார். குழலுக்குள் போன குங்குமத்தைத் துடைத்து எடுக்க எனக்கு ஒரு வாரம் ஆகும். மனைவி இறந்த பிறகு அவருக்குக் கடையே வீடு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும்கூட வந்து சும்மா உட்கார்ந்திருப்பார்.

சுபேதார் பெள்ளியப்பா குடகுக்காரர். தமிழ்ப் பையன்கள் நிறைந்த ராணுவப் பிரிவில் ஆயுள் முழுக்க வேலை பார்த்துவிட்டு அல்சூரில் தனியாக இருந்தார். அவருடைய தமிழ் பட்டாளத்தில் கற்றது. எல்லோரும் "தம்பி". எல்லோரும் "நீ". சத்தம் எப்போதும் அணிவகுப்பு மைதானத்துச் சத்தம்.

நான் தொண்ணூற்றொன்றில் வந்தேன். வந்த வருடக் கடைசியிலேயே காவிரித் தண்ணீருக்காக ஊர் பற்றிக்கொண்டது. அன்று கடையை அவசரமாகச் சாத்தினோம். வீட்டில் செல்வியும் ஐந்து வயது நித்யாவும் தனியாக இருக்கிறார்கள், எனக்குக் கை கால் ஓடவில்லை. துப்பாக்கி எண்ணெய் வாங்க வந்திருந்த சுபேதார், "வா தம்பி, நான் விடறேன்" என்று கைத்தடியைத் தட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். அதுவரை நல்லது. ஆனால் வழி முழுக்கத் தமிழிலேயே பேசிக்கொண்டு வந்தார்.

"தம்பி! வீட்ல இன்னைக்கு என்னா கொழம்பு?"

"சாப், மெதுவா. இன்னைக்கு மட்டும் தமிழ் வேணாம்" என்றேன் கெஞ்சலாக.

"ஏன் வேணாம்? வருசக்கணக்கா இந்த பாஷையில திட்டு வாங்கி, திட்டு குடுத்து, சோறு சாப்ட்டேன். இது எங்க பட்டாளத்து பாஷை. எவன் கேப்பான்?"

முனையில் தடிகளோடு நின்ற இரண்டு பேர் எங்களைப் பார்த்தார்கள். சுபேதார் நேராக அவர்களிடம் போய், இந்த நேரத்தில் தெருவில் நிற்பது உங்கள் அம்மாமார்களுக்குத் தெரியுமா என்று கன்னடத்தில் விசாரித்தார். அவர்கள் எங்கேயோ பார்த்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். வீடு வந்து சேர்ந்ததும் மறுபடி குழம்பைப் பற்றிக் கேட்டார். வத்தக்குழம்பு. இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார். அந்த நடையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

3

சில வருடம் கழித்துத் தோட்டாத் தட்டுப்பாடு வந்தது. அரசுத் தொழிற்சாலையிலிருந்து வரவேண்டிய 'பன்னிரண்டு போர்' அளவு வேட்டைத் தோட்டா வரவில்லை. எழுதிக் கேட்டோம். எங்கள் கடிதம் கிடைத்தது என்றும், அதை எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்பது பரிசீலனையில் இருக்கிறது என்றும் பதில் வந்தது. அதற்குப் பிறகு பதிலும் வரவில்லை.

வந்ததுதான் வந்தது, கைல்போள்து சமயத்தில் வந்தது. அது குடகர்களின் பண்டிகை. நம் ஆயுத பூஜைக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கிகளுக்குப் பூ வைத்துக் கும்பிட்டுவிட்டு, உயரமான மரத்தில் தேங்காயைக் கட்டி, கீழே நின்று சுடுவார்கள். தேங்காயை அடித்தவனுக்கு அந்த வருடம் முழுக்க ஊரில் தலை நிமிரும். பெங்களூரில் இருக்கிற குடகர்களெல்லாம் பண்டிகைக்கு ஊருக்குப் போகும் முன் எங்கள் மாடிப்படி ஏறுவார்கள்.

அந்தோணி விலையை இரண்டு மடங்கு ஆக்கினார். அடுத்த வாரம் அதற்கு மேலும் ஏற்றினார். வழக்கம்போல் ஒரு டப்பா வாங்க வந்த சுபேதார் விலைப் பலகையைப் பார்த்தார்.

"ஏய் அந்தோணி! போன வாரம் அலமாரில இருந்த அதே டப்பா. தூங்கி எந்திரிச்சதும் விலை மட்டும் வளந்துடுச்சா?"

"சாப், பழைய வெலைக்குக் குடுத்தேன்னு வெய்யி. மொதல்ல வர்ற எஸ்டேட்காரன் மொத்தத்தையும் அள்ளிக்கினு பூடுவான். அப்பால உங்களுக்கு இன்னா மிஞ்சும்?"

"இப்ப மட்டும் எனக்கு என்னா மிஞ்சுது? பென்ஷன் மிஞ்சலையே!"

"நான் மட்டுமா ஏத்திக்கிறேன்? ஊர்ல எல்லாக் கடையிலயும் இதே வெலதான்."

"எல்லாரும் சேந்து திருடினா அதுக்குப் பேரு மார்க்கெட்டா?"

எனக்கு இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது. நம் ஊரில் கோடையில் வண்டித் தண்ணீர் விற்பவர் குடத்துக்கு விலை ஏற்றுவார் இல்லையா? என் அப்பா அவரைத் தெருவே கேட்கிற மாதிரித் திட்டுவார். ஒரு நாள் வண்டி வரவில்லை என்றால் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்து, அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று கவலைப்படுவார். விலை ஏற்றுகிறவனைப் பற்றி எங்கள் குடும்பத்தில் இதற்குமேல் தெளிவான கொள்கை எதுவும் கிடையாது.

பேச்சு முற்றிப்போய் அந்தோணி ஒரு வார்த்தை விட்டுவிட்டார். "வூட்ல ரெண்டு வெச்சிக்கினு இருக்கீங்களே சாப், அத்த எடுத்து சுடுங்களேன்!"

அது சாதாரண இரண்டு தோட்டா இல்லை. குடகில் ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வேட்டு, வீட்டில் சாவு விழுந்தால் இரண்டு வேட்டு. இரண்டு சத்தம் கேட்டால் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்கள் கைவேலையைப் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். தன் சாவுக்கென்று சுபேதார் எப்போதோ இரண்டு தோட்டா எடுத்து வைத்திருந்தார். அது எங்களுக்கும் தெரியும்.

சுபேதார் கைத்தடியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். பண்டிகை முடிந்து திரும்பி வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு தேங்காய்ச் சில்லை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"மொதல் குண்டு காத்துல போச்சு. ரெண்டாவது குண்டுல தேங்கா போச்சு. இப்ப எனக்கு வேட்டு இல்ல. ரெண்டு வாங்கணும். ஆனா உன் கொள்ளை விலைக்கு வாங்க மாட்டேன். விலை எறங்கினாதான் சாவேன். அதுவரைக்கும் சாக மாட்டேன். கேட்டுக்கோ!"

"அப்ப உங்களுக்கு நூறு வயசு நிச்சயம் சாப்" என்றார் அந்தோணி. எல்லோரும் சிரித்தோம். தேங்காயை நான்தான் தின்றேன்.

4

அதிலிருந்து ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி, வங்கியில் பென்ஷன் எடுத்த கையோடு சுபேதார் வந்துவிடுவார். படியில் கைத்தடிச் சத்தம் கேட்கும். மேலே வந்ததும் என்னிடம்தான் முதலில் கேட்பார்.

"தம்பி, இன்னைக்கு சாகலாமா?"

"வேணாம் சாப். விலை ஏறித்தான் இருக்கு."

பிறகு அந்தோணியின் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து திட்ட ஆரம்பிப்பார். முதலில் விலை, அடுத்து அந்தோணி, கடைசியில் அந்தோணியின் தாத்தா. நான் பேக்கரியிலிருந்து காரா பன்னும் டீயும் வாங்கிக்கொண்டு வருவேன். தின்றுவிட்டு, மீதி இருப்பதையும் திட்டிவிட்டுப் போவார். அன்றைக்கு அந்தோணி ஒழுங்காகச் சாப்பிடுவார், ரேடியோவுடன் சேர்ந்து பாடுவார்.

ஒரு மழைக்காலத்தில் சுபேதாருக்கு நெஞ்சு வலி வந்து மருத்துவமனையில் கிடந்தார். எழுந்து வந்தபோது சட்டை இரண்டு ஆளுக்குத் தைத்த மாதிரித் தொங்கியது. மீசை மட்டும்தான் பழைய அளவில் இருந்தது. அதே மாதக் கடைசியில் தொழிற்சாலைக்கு எங்கள் கடிதம் எந்தப் பிரிவுக்கு உரியது என்று தெரிந்துவிட்டதுபோல, சரக்கு வந்து குவிந்தது. நான் சந்தோஷமாகப் பலகையைத் துடைத்துப் பழைய விலையை எழுதினேன்.

அந்தோணி எழுந்து வந்து அதைக் கையாலேயே அழித்தார். "இன்னா பண்ற நீ? நாளைக்கு ஒண்ணாந்தேதி."

"அதுக்கு?"

"சுபேதார் வருவாரு."

"வரட்டும் மொதலாளி. பார்த்தா சந்தோஷப்படுவாரு."

"சந்தோஷப்பட்டு? ரெண்டு வாங்கினு பூடுவாரு. அப்பால?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அந்த ஆளு பட்டாளத்துக்காரன்யா. சொன்ன சொல்லுல நிப்பான். வெல எறங்கிச்சுன்னு தெரிஞ்சா, சொல்லிட்டோமேன்னே செத்துருவான். எழுது, பழைய கொள்ளை வெலைய எழுது."

அதிலிருந்து மாதத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் எங்கள் பலகையில் தட்டுப்பாடு. செல்வியிடம் சொன்னபோது, வாங்குறவன் வாங்காம போகணும்னு விலை ஏத்துற கடையை இப்பத்தான் கேள்விப்படுறேன் என்றாள். சுபேதாருக்கென்று வத்தக்குழம்பு ஊற்றிக் கொடுத்தனுப்பினாள்.

5

நல்ல காரியத்தில்தான் சிக்கல் அதிகம். ஒரு ஒன்றாம் தேதி சிக்மகளூர் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் வந்தார். பலகையைப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசாமல் அந்த விலையைக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார். அதிகப்படிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க நான் ஜீப்பின் பின்னால் சிக்னல்வரை ஓடினேன். ஒரு துப்பாக்கிக் கடையிலிருந்து ஒருவன் கத்திக்கொண்டு துரத்தி வந்தால் யார்தான் வண்டியை நிறுத்துவார்கள்? அவர் சிவப்பு விளக்கையும் மதிக்காமல் பறந்துவிட்டார். பணத்தை மணியார்டரில் அனுப்பினோம்.

இன்னொரு ஒன்றாம் தேதி நடந்தது அதைவிட மோசம். சுபேதார் நாற்காலியில் உட்கார்ந்து காரா பன் தின்றுகொண்டிருந்தார். சரக்கைச் சோதிக்க இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். புது ஆள். பலகையைப் பார்த்ததும் அவர் கண் விரிந்தது.

"ஏன்ரீ இது? பிளாக் ரேட்டா? லைசென்ஸ் வேணுமா வேணாமா உங்களுக்கு?"

அந்தோணிக்கு வியர்த்துவிட்டது. மூன்று தலைமுறைக் கடை. தப்பிக்க ஒரே வழி உண்மையைச் சொல்வது. அந்த உண்மை எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருக்கிறது. அந்தோணி என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பிரித்து நீட்டினேன். இன்ஸ்பெக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். எல்லாத் தோட்டாவும் சரியான விலைக்கே விற்றிருந்தது.

"புத்தகத்துல கம்மி விலை, பலகையில ஜாஸ்தி விலை" என்றார் குழப்பமாக. "எல்லாக் கடைக்காரனும் ஊருக்குத் தெரியற மாதிரி நியாய விலைய எழுதிட்டு, ஒளிச்சு வெச்சுத்தானே கொள்ளையடிப்பான்? நீங்க ஏன் தலைகீழாப் பண்றீங்க?"

அப்போது சுபேதார் துணுக்குகளைத் தட்டிவிட்டு எழுந்து நின்றார். "மாதாமாதம் வருகிறவன் நான். இந்த விலைக்கு இவன் ஒரு தோட்டா விற்று நான் பார்த்ததில்லை" என்று கன்னடத்தில் முழங்கினார். "பலகையைப் பார்த்ததுமே வாங்குகிறவன் ஓடிவிடுகிறான். இவனுக்கு வியாபாரம் தெரியாது. அதற்கெல்லாம் சட்டத்தில் தண்டனை உண்டா?"

மீசைக்கு ஒரு மரியாதை இருக்கிறது. இன்ஸ்பெக்டர் பலகையை இன்றைக்கே திருத்தச் சொல்லிவிட்டுப் போனார். சுபேதார் மறுபடி உட்கார்ந்து டீயை முடித்தார்.

"நான் போன அப்புறம் மாத்திக்கோ அந்தோணி" என்றார். "இன்னும் உன் தாத்தாவைத் திட்டல."

6

போன வருடம் ஒரு ஒன்றாம் தேதி கைத்தடிச் சத்தம் கேட்கவில்லை. மத்தியானம் அவர் மகன் தேவய்யா தொலைபேசியில் அழைத்தான். பம்பாயில் வேலை பார்க்கிறவன், உடம்பு மோசமென்று தெரிந்து வந்திருக்கிறான். தூக்கத்திலேயே உயிர் போய்விட்டது, உடலைக் குடகுக்குக் கொண்டுபோகிறோம் என்றான்.

அந்தோணி பலகையைப் பார்த்தார். "நம்ம வெல எறங்கவே இல்லையேடா. எப்படி செத்தாரு?" என்றார். பிறகு அலமாரியைத் திறந்து புதுத் தோட்டா இரண்டை எடுத்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். பதிவேட்டில் எழுதச் சொல்லி, விலை என்ற இடத்தில் கோடு போடச் சொன்னார். கடையைச் சாத்திவிட்டு இருவரும் கிளம்பினோம்.

குடகு வீட்டு முற்றத்தில் உடலை இறக்கியிருந்தார்கள். அந்தோணி தேவய்யாவின் கையைப் பிடித்து, பையிலிருந்த இரண்டையும் எடுத்து நீட்டினார். "அப்பாவுக்கு. காசு வேணாம்."

தேவய்யா சங்கடமாகப் பார்த்தான். "வேணாம் அங்கிள். ரெண்டு இருக்கு. அப்பாவே வாங்கி வெச்சிருந்தார். ஆச்சு ரெண்டு மூணு வருஷம்."

"எங்க வாங்கினாரு?"

அவன் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கிற போட்டிக் கடையைச் சொன்னான். அதாவது, விலை இறங்கியது சுபேதாருக்கு இறங்கிய மாதமே தெரிந்திருக்கிறது.

"அப்ப எங்கிட்ட மாசாமாசம் எதுக்கு வந்து சண்ட போட்டாரு?" என்றார் அந்தோணி.

"நானும் கேட்டேன் அங்கிள்." தேவய்யா அப்பாவின் பட்டாளத்துத் தமிழிலேயே சொல்லிக் காட்டினான். "'அவன் பொண்டாட்டி போனதுலேர்ந்து அந்தோணிகிட்ட சண்டை போட ஆள் இல்ல. நான் போய் நாலு திட்டு திட்டினாதான் அவன் சோறு திங்கறான். நான் வாங்கிட்டேன்னு தெரிஞ்சா கடைய மூடிட்டு படுத்துடுவான். சொல்லிடாதே.' இதான் அங்கிள் சொன்னார்."

அந்தோணி கையிலிருந்த இரண்டு தோட்டாவையும் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அழுவார் என்று நான் பக்கத்தில் போனேன்.

"அவன் இன்னா வெலைக்குக் குடுத்தானாம்?" என்று கேட்டார்.

"அச்சடிச்ச விலைக்கு மேல கொஞ்சம் வாங்கினதா அப்பா சொன்னார்."

"கொள்ளைக்காரப் பய" என்றார் அந்தோணி.

உறவுக்காரர் ஒருவர் துப்பாக்கியை வானத்தைப் பார்த்து உயர்த்தினார். ஒரு வேட்டு. மரங்களிலிருந்து பறவைகள் எழுந்தன. இரண்டாவது வேட்டு மலைச்சரிவில் உருண்டு போய் நெடுநேரம் கேட்டது. கீழே வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்து, மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டு மேலே ஏறி வர ஆரம்பித்தார்கள். தடியோடு நின்றவர்களைத் தாண்டி, குழம்பைப் பற்றிக் கேட்டுக்கொண்டே என்னை வீட்டில் கொண்டுவந்து விட்ட மனிதர் அங்கே படுத்திருந்தார்.

அந்தோணிக்குக் கண்ணீர் மோவாய்வரை வழிந்துகொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளாமலே என் பக்கம் சாய்ந்தார்.

"சத்தத்தப் பாத்தியா முருகேசா? சொத்த. நம்ம கடை சரக்கா இருந்தா மலையே அதிர்ந்துருக்கும்."

இரண்டு கடைக்கும் சரக்கு ஒரே அரசுத் தொழிற்சாலையிலிருந்துதான் வருகிறது. டப்பாகூட ஒன்றுதான்.

"ஆமா மொதலாளி" என்றேன். "சொத்த சத்தந்தான்."